கூப்பிடு தூரம்

சென்ற இரண்டு திங்களாக இப்பகுதி வெளிவரவில்லை. ஆசிரியர் குழுவினர் நம் நிலையை அறிந்து பொறுமை காத்தனர். வாசக அன்பர்களோ காரணம் கேட்டு எழுதிய வண்ணம் இருந்தனர். உடல் நலமில்லையோ என்று வினவியவர்கள் சிலர். எழுதச் செய்தி தீர்ந்துபோயிற்றோ என்று உரிமையோடு கேலி செய்தவர்கள் சிலர். ஓர் அன்பர் மட்டும் வேறுவிதமாக எழுதியிருந்தார். "தங்கள் துணைவியார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்றும், தாங்களோ காலைதோறும் சைக்கிளில் உலாப் போகிறீர்கள் என்றும் கேள்வியுற்றேன். குடும்பங்களுக்கு அறிவுரை எழுதுபவருக்கு இது அழகா?" என்பது அவருடைய வினா. அஞ்சலட்டையில் எழுதியிருந்தபடியால் தபால்காரரும் படித்திருப்பார். போகட்டும், ஒளிக்க ஒன்றுமில்லை. கேள்விப்பட்டது உண்மையே. அதைப்பற்றித்தான் இம்முறை எழுத விரும்புகிறோம்.

நம் துணைவியாருக்கு மார்பில் கண்ட புற்றுநோய் சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவத்தால் அடங்கி, பிறகு முதுகெலும்பில் தலைகாட்டியது. ஆரியங்காவு, தென்மலை வழியாகத் திருவனந்தபுரத்துக்கும், சில நேரங்களில் நெல்லைக்குமாக எத்தனையோ முறை அலைந்தோம். சென்ற ஆண்டின் இறுதியில், இனி நோயைத் துரத்துவதை விட்டு வலியைக் கவனிப்போம் என்று மருத்துவர்கள் கூறினார்கள். அதன் பிறகு அச்சன்புதூரில் நம் வீட்டு முன்னறையே மருத்துவமனை ஆயிற்று. மகள் மும்பையில் இருக்கிறாள்; விடுமுறை கிடைக்கும்போது வருவாள். மற்ற நாட்களில் வீட்டில் நாம் இருவரே.

நோயாளியுள்ள வீட்டில் கடிகாரமே தலைவன். வலிக்கான மார்ஃபின் மாத்திரையை நான்கு மணிக்கு ஒரு முறை கொடுக்கவேண்டும். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. நடு இரவில் எழுப்பாமலிருக்க, இரவு வேளைக்கு மருத்துவர் சொன்னபடி இரட்டை அளவு. வலி வந்தபின் கொடுப்பது அன்று, வருமுன் கொடுப்பதே முறை. 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வகுத்த வழியில், வாய்வழியாகவும் கடிகாரத்தின்படியும் கொடுக்கவேண்டும் என்பது முதன்மையானது. அபினிலிருந்து எடுக்கும் மருந்தாயிற்றே, பழக்கமாகிவிடாதா என்று உறவினர் பலர் அஞ்சினார்கள். மருத்துவர் வரையறுத்த அளவில் வலிக்காகக் கொடுக்கும்போது அவ்வாறு ஆவது அரிது என்று நமக்கு விளக்கப்பட்டது. மலச்சிக்கல்தான் உறுதியாக வரும்; அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கூடவே கொடுக்கவேண்டும். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நெடுங்காலம் இம்மருந்து ஏழை எளியவர்க்கு எட்டாக்கனியாக இருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். அந்தத் திருத்தத்தின் பொருள் என்னவென்று அச்சன்புதூரில் நம் வீட்டு முன்னறையில் அமர்ந்து நாம் அறிந்துகொண்டோம்.

மாத்திரைக்கு நான்கு மணி நேரம் என்றால், புரட்டிப் படுக்கவைப்பதற்கு இரண்டு மணி நேரம். ஒரே பக்கமாய்க் கிடந்தால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையில் கஞ்சி, கழிப்பிடம், உடம்பு துடைத்தல், துணி துவைத்தல். நாள் முழுவதையும் இரண்டிரண்டு மணி நேரத் துண்டுகளாக வெட்டிப்போட்டால் எப்படியிருக்குமோ அப்படி.

இரண்டு திங்கள் இவ்வாறு நடந்தது. பிறகு ஒரு நாள், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் செவிலியர் அம்மையார், நோயாளியைப் பார்த்து முடித்துவிட்டு நம் பக்கம் திரும்பி, "சார், உங்க கையைக் கொடுங்க" என்றார். இரத்த அழுத்தம் பார்த்தார். எண்ணைச் சொல்லவில்லை. "டீச்சருக்கு முந்தி நீங்க படுத்திருவீங்க போலிருக்கே" என்றார். இத்திட்டம் 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு வீட்டுக்கே மருந்து கொண்டுவருவதோடு, நம் வீட்டைப் போன்ற வீடுகளுக்கு வலி தணிக்கும் பராமரிப்பும் அதில் உண்டு. பராமரிக்கிறவனின் கையையும் பிடித்துப் பார்க்கவேண்டும் என்று அத்திட்டத்தில் எழுதியிருக்கிறதா என்பது நமக்குத் தெரியாது. அம்மையார் பார்த்தார்.

அவர் சொன்னது வெறும் வேடிக்கைப் பேச்சு அன்று. 1999இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், நோயுற்ற வாழ்க்கைத் துணையைப் பராமரித்து அதனால் மனமும் உடலும் நெருக்குண்டவர்களை நான்காண்டுகள் கவனித்தபோது, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட இவர்கள் இறக்கும் அபாயம் 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பராமரித்தும் அவ்வாறு நெருக்குண்ணாதவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆக, கொல்வது பணிவிடை அன்று, மூச்சுவிட இடமில்லாமற்போவதே. நமக்கோ வயது 67. கணக்கு நமக்கும் பொருந்தும்.

"தினமும் ஒரு அரை மணி நேரமாவது வெளியே போங்க. நடக்கவாவது செய்யுங்க" என்று செவிலியர் அம்மையார் கட்டளையிட்டார். முழங்கால் வலியால் நடை நமக்கு ஒத்துவராது. கட்டிலில் கிடந்தவர்தான் வழி சொன்னார். "என் சைக்கிள் பின்கட்டில் சும்மா நிற்கிறதே" என்றார்.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. நம் துணைவியார் ஆசிரியப்பணி தொடங்கிய புதிதில் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தார். 1991இல் அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதில் காட்டிய ஊக்கம் நாடறிந்தது. கல்லுடைக்கும் பெண்களும் நாற்று நடும் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் கிடைக்காமற்போக, ஆண்கள் சைக்கிளிலேயே ஏறி ஓட்டினார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முப்பதை நெருங்கும் வயதில், நம் துணைவியாரும் கற்றுக்கொண்டார். விழுந்து முழங்கை பெயர்ந்த வடு இன்றும் இருக்கிறது. கற்றபின் முதல் சம்பள நிலுவையில் ஒரு பெண்கள் சைக்கிள் வாங்கினார், அம்பத்தூர் டி.ஐ. ஆலையின் தயாரிப்பு. நமக்கு முன்னமேயே ஓட்டத் தெரியுமாதலால், அவர் கற்றதை நாம் அப்போது ஒரு பெரிய செய்தியாகக் கருதவில்லை. இன்று நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

அந்தச் சைக்கிளுக்கு நடுவில் பார் கிடையாது. காலைத் தூக்கிப்போட வேண்டுவதில்லை. 67 வயது முழங்காலுக்கு அதைவிட வசதி வேறில்லை. கடைக்காரப் பையன் இரண்டு டயரும் ட்யூபும் மாற்றி, செயினுக்கு எண்ணெயிட்டு, பிரேக் கட்டைகளைப் புதுப்பித்துக் கொடுத்தான். "தாத்தா, லேடீஸ் சைக்கிளா?" என்று தெருப் பிள்ளைகள் நகைத்தார்கள். நகைக்கட்டும்.

போவது என்றால் யாராவது வீட்டில் இருக்கவேண்டுமே. சுவருக்கு அந்தப்புறம் உள்ள இசுலாமியக் குடும்பத்துச் சகோதரி, நாம் கேட்குமுன் தாமே முன்வந்தார். அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் நம் துணைவியார் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். "அண்ணாச்சி, நீங்க போயிட்டு வாங்க. டீச்சர் பக்கத்துல நான் இருந்துக்கிடுதேன்" என்றார். காலை ஆறு மணி மாத்திரை கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, ஆறரைக்குப் புறப்பட்டால் ஏழேகாலுக்குத் திரும்பிவிடலாம். அதன்பின் அவர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் போவார்.

முதல் நாள் தெருமுனைவரை சென்று திரும்பிவிட்டோம். அடுத்த நாள் ஊர் எல்லைவரை. வீட்டை விட்டு ஒவ்வொரு மிதியிலும் விலகுவது குற்றம்போல் நெஞ்சு அடித்துக்கொண்டது. அஞ்சலட்டை அன்பர் இப்போது கேட்டதை நாம் அன்றே நம்மைக் கேட்டுக்கொண்டோம் என்பதை அவர் அறியவேண்டும். ஒரு வாரம் கழிந்தபின்தான் வடகரைச் சாலையில் துணிந்து சென்றோம்.

இந்தப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுபவனுக்குக் காற்றைப் பற்றிய அறிவு வேண்டும். ஆனி, ஆடி, ஆவணியில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று இறங்கி வீசும். குற்றாலத்தில் அருவி கொட்டும்போது நம்மூரில் சாரல் முகத்தில் அடிக்கும். மேற்கே வடகரை நோக்கிச் சென்றால் எதிர்காற்று. திரும்புகையில் அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ளி வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும். கிழக்கே சென்றாலோ போகும்போது சுகம், வரும்போது பாடு. அவசரமாகத் திரும்பவேண்டிய நிலையில் உள்ளவன் எப்போதும் காற்றை எதிர்த்தே புறப்படவேண்டும். நாம் கற்ற முதற்பாடம் இதுவே.

இரண்டாவது பாடம் தூரத்தைப் பற்றியது. நம் முன்னோர் 'கூப்பிடு தூரம்' என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். ஒருவன் குரல் கொடுத்தால் மற்றவன் காதில் விழும் தொலைவு. இன்று கைப்பேசி வந்து அந்தத் தூரத்தை உலகளவாக்கிவிட்டது என்று எண்ணுகிறோம். மும்பையிலிருந்து மகள் கூப்பிடுகிறாள், கேட்கிறது. ஆயினும் அவளால் தாயைப் புரட்டிப் படுக்கவைக்க முடியாது. ஆகவே, குரல் கேட்டபின் எத்தனை நிமிடத்தில் கட்டிலருகே வந்து நிற்க முடியுமோ, அதுவே உண்மையான கூப்பிடு தூரம். நமக்கு அது பதினைந்து நிமிடம் என்று வகுத்துக்கொண்டோம். வடகரைக்கு இப்பால் உள்ள வட்டம் முழுவதும் அதற்குள் அடங்கும். பண்பொழி அடங்காது. மேக்கரை அறவே அடங்காது.

இந்தச் சின்ன வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குப் பார்க்க என்ன புதிதாக இருக்கப்போகிறது? ஆனால் வீடு திரும்பியவுடன், "எதுவரை போனீர்கள்? என்ன பார்த்தீர்கள்?" என்று கேள்வி வரும். 'ஒன்றுமில்லை' என்று முதல் நாள் சொன்னோம். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முதல் பார்க்கத் தொடங்கினோம். வாய்க்காலில் தண்ணீர் எத்தனை படி வந்திருக்கிறது, எந்த வயலில் நாற்றுப் பாவியிருக்கிறார்கள், எந்த வயலை வீட்டுமனையாக்கிக் கல் நட்டுவிட்டார்கள், திருமலைக் குன்றின்மேல் முகில் இறங்கியிருக்கிறதா, தென்னந்தோப்பில் காய் வெட்டு நடக்கிறதா, வடகரைத் தேநீர்க் கடையில் என்ன பேச்சு. ஒரு நாள் நெல்வயலில் உழவு வண்டியின் பின்னே கொக்குகள் நடந்து போனதை எண்ணிக்கொண்டு வந்தோம், பத்தொன்பது. "நேற்று இருபத்திரண்டு என்றீர்களே" என்று கணக்காசிரியை திருத்தினார். மறுநாள் மூன்று கொக்குகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. சைக்கிள் அவருடையது, காலை நேரமும் அவருடையது, மிதிப்பது மட்டுமே நாம் என்று தோன்றத் தொடங்கியது.

நிற்க. 2020ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சி அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். நாடெங்கும் ஊரடங்கு. பேருந்து இல்லை, இரயில் இல்லை. கும்பகோணம் பக்கத்தில் அறுபதைக் கடந்த கூலித் தொழிலாளி ஒருவருடைய மனைவிக்குப் புற்றுநோய். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சிகிச்சைத் தவணை. வாடகைக் காருக்குப் பணம் இல்லை. மனைவியைச் சைக்கிளின் பின்னால் அமர்த்தி, விடியுமுன் புறப்பட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்து, இரவில் மருத்துவமனையை அடைந்தார். வெளிநோயாளர் பிரிவு மூடியிருந்த நேரத்திலும் மருத்துவர்கள் சிகிச்சை அளித்து, மருந்தும் கொடுத்து, ஆம்புலன்ஸிலேயே அவர்களை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின. எழுதத் தகுந்ததே. அவர் காலடியில் உட்காரவும் நமக்குத் தகுதியில்லை.

ஆனால் நம் துணைவியார் அந்தச் செய்தியை இப்போது மீண்டும் நினைவுபடுத்தி ஒன்று கேட்டார். "அந்த அம்மா ஒரு நாள் முழுக்கக் கேரியரில் உட்கார்ந்திருந்தாளே, அவள் இடுப்பு என்ன பாடுபட்டிருக்கும்? அதை யாராவது எழுதினார்களா?" எழுதியதாக நமக்கு நினைவில்லை. அந்த ஒரு நாளை நாடு அறிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்தக் குடிசையில் கழிந்த நாட்களை அக்கம்பக்கத்தார் மட்டுமே அறிந்திருப்பார்கள். மனைவியைச் சுமந்து சென்ற சைக்கிளைப் புகழ்வதும், மனைவியை வீட்டில் விட்டுச் செல்லும் சைக்கிளை இகழ்வதும் எளிது. இரண்டையும் மிதிப்பவன் ஒரே வகை மனிதனே என்று நாம் துணிந்து கூறுவோம்.

நாம் தவறே செய்யவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஆனி மாதத்தில் ஒரு நாள் தவறினோம். இரவெல்லாம் மழை. காலையில் துணைவியார், "அடவிநயினார் அணையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து வந்து சொல்லுங்களேன்" என்றார். மேக்கரையில் அனுமன் நதிக்குக் குறுக்கே கட்டப்பட்ட 132 அடி அணை அது. இந்தப் பக்கத்து வயல்களின் உயிர். அது நிரம்பி வழியும் செய்தி வந்தால் ஊருக்கே முகம் மலரும். கேட்டவர் வேறெதுவும் கேட்பதில்லையாதலால், வகுத்த எல்லையை மீறிப் போனோம். வடகரையைத் தாண்டி மலையடிவாரத்தை நெருங்கும்போது பின்சக்கரம் பஞ்சர். அவ்வளவு காலையில் கடை எதுவும் திறக்கவில்லை. கைப்பேசியை எடுத்தால் அலை கிட்டவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அணையையும் பார்க்கவில்லை.

வீடு சேரும்போது மணி ஒன்பதாகிவிட்டது. வாசலில் கால் வைக்கும்போதே முனகல் கேட்டது. எட்டு மணியளவில் வலி திடீரென்று ஏறியிருக்கிறது. இடையில் அவ்வாறு வந்தால் கொடுப்பதற்கென்று தனியாக மாத்திரை உண்டு. எந்தப் பெட்டியில் உள்ளது என்று துணைவியாரே சொல்லியிருக்கிறார். "கொடுக்க எனக்குப் பயமா இருந்துச்சு அண்ணாச்சி, ஏதாவது ஒண்ணு ஆயிட்டா" என்று அண்டை வீட்டுச் சகோதரி கண்ணீரோடு நின்றார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அவருடைய கணவர் அனுப்பியிருக்கிறார்; இவர் கட்டிலை விட்டு நகரவில்லை. ஒரு மணி நேரம் அந்த வலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர்மேல் என்ன குற்றம்? எந்த மாத்திரை, எப்போது, எத்தனை என்று நாம் ஒரு நாளும் அவருக்குக் காட்டவில்லை. உதவிக்கு வந்தவரைக் காவலுக்கு நிறுத்துவதுபோல் நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அன்று மாலை பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். வேளைக்கு வேளை மாத்திரையின் நிறம், இடைவலிக்குக் கொடுக்கவேண்டிய மாத்திரை, கொடுத்த நேரத்தைக் குறித்துவைக்க ஒரு கட்டம், செவிலியர் அம்மையாரின் எண், நம் எண். அடுத்த முறை வந்த செவிலியர், சகோதரியைப் பக்கத்தில் அழைத்து, தலையணையை எங்கே வைப்பது, முதுகுக்கு நோகாமல் இருவராக எப்படிப் புரட்டுவது என்று செய்து காட்டினார். இப்போது அவர் நம்மைவிட நன்றாகப் புரட்டுகிறார் என்பது நோயாளியின் தீர்ப்பு.

மலைக்கு அந்தப்புறம் இதை ஓர் இயக்கமாகவே நடத்துகிறார்கள். கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர் சிலர் வலி தணிக்கும் பராமரிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மருத்துவர்களால் மட்டும் எல்லா வீடுகளுக்கும் போய்வர இயலாது என்று விரைவிலேயே கண்டுகொண்டு, மலப்புறம் பகுதியில் அக்கம்பக்கத்தாரைப் பழக்கினார்கள். வாரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் தரக்கூடியவர் எவராயினும் போதும். ஆசிரியர், கடைக்காரர், இல்லத்தரசி, மாணவர் எல்லாரும் வந்தார்கள். மதம் பார்க்கவில்லை. 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. ஆரியங்காவைக் கடந்தால் உள்ள வழக்கம் இந்தப் பக்கம் வர எவ்வளவு நாளாகும் என்று தெரியவில்லை. காற்று மட்டும் நாள்தோறும் வருகிறது.

நம் பங்கு மக்களைக் குறைகூறுவதாக எண்ணவேண்டாம். வருகிறார்கள். முதல் வெள்ளிதோறும் நற்கருணை வருகிறது. பங்குத்தந்தை நோயிற்பூசுதல் கொடுத்தபோது, அது சாவின் முன்னறிவிப்பு என்ற பழைய அச்சத்தால் உறவினர் சிலர் அழுதார்கள். துணைவியார்தாம் அவர்களைத் தேற்றினார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1992இல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாளை ஆண்டுதோறும் பெப்ருவரி 11 அன்று கொண்டாடுகிறோம். அன்று முன்வரிசையில் நோயாளிகளை அமர்த்துகிறோம். அவர்களைத் தூக்கி வந்தவர்கள் தூணோரம் நிற்பார்கள். பார்க்க வருபவர்களில் ஆப்பிளும் ஆர்லிக்சும் கொண்டு வருபவர் உண்டு. கட்டிலருகே நின்று, இதே நோயில் இறந்துபோன தம் சித்தியின் கதையைத் தொடக்கம் முதல் முடிவுவரை கூறுபவரும் உண்டு. அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பதில் நம் அரை மணி நேரம் கழியும். ஆனால், "நான் இருக்கிறேன், நீங்கள் கொஞ்சம் வெளியே போய் வாருங்கள்" என்று சொன்னவர்கள் இதுவரை மூவர்; அண்டை வீட்டுச் சகோதரி, மரியாயின் சேனையைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவன். அம்மாணவன் தன் அரசுச் சைக்கிளில் சனிக்கிழமை மாலைதோறும் வருகிறான். துணைவியாருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறான். பதிலுக்கு அவர் படுத்தபடியே அவனுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கிறார்.

அஞ்சலட்டை அன்பருக்கு நற்செய்தியிலிருந்தே ஒன்று நினைவூட்டலாமென்று தோன்றுகிறது. நல்ல சமாரியரின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். காயத்தைக் கட்டியதையும், தம் விலங்கின்மேல் ஏற்றிச் சென்றதையும் பற்றி எத்தனையோ மறையுரைகள். மறுநாள் காலை அவர் என்ன செய்தார்? சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்து, கவனித்துக்கொள்ளச் சொல்லி, திரும்பி வருவேன் என்று வாக்களித்துவிட்டுத் தம் வழியே போனார். அடிபட்டவனை விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று எவரும் அவரைக் குறைகூறியதில்லை. அந்தச் சத்திரக்காரரைப் பற்றித்தான் ஒரு மறையுரையும் நாம் கேட்டதில்லை. அண்டை வீட்டுச் சகோதரியைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அவர் நினைவு வருகிறது.

சைக்கிள் ஓட்டுவோருக்கும் ஒரு பாதுகாவலி உண்டு என்று எங்கோ படித்துத் துணைவியாரிடம் கூறினோம். இத்தாலி நாட்டில் கோமோ ஏரிக்கு அருகே, குன்றின்மேல் உள்ள கிசால்லோ அன்னையின் சிற்றாலயம். 1949 அக்டோபர் 13 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அன்னையைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். புகழ்பெற்ற பந்தய வீரர்களின் சைக்கிள்கள் அங்கே சுவரில் தொங்குகின்றனவாம். "நம் சைக்கிளையும் அனுப்பிவிடலாமா?" என்று கேட்டோம். "நான் சொல்லும் வரை அனுப்பாதீர்கள்" என்றார்.

ஆடி பிறந்ததிலிருந்து அவருக்குத் தளர்ச்சி மிகுந்துவிட்டது. கேள்விகள் குறைந்துவிட்டன, கொக்குக் கணக்கைத் திருத்துவதில்லை. அதற்கேற்ப நம் வட்டமும் சுருங்கிவிட்டது. பதினைந்து நிமிடம் ஐந்து நிமிடமாயிற்று. வடகரைச் சாலை இல்லை. ஊருக்குள்ளேயே, நம் தெருவைச் சுற்றி நான்கு தெருக்கள். ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வீட்டு முன்னறைச் சன்னலைக் கடக்கும்போது பெல்லை ஒருமுறை அடிக்கிறோம். உள்ளேயிருந்து பதில் வராது. வந்துவிட்டார், மறுபடியும் போகிறார் என்று அவருக்குத் தெரிந்தால் போதும். சென்ற ஞாயிறு சகோதரி வாசலுக்கு வந்து, "அண்ணாச்சி, அஞ்சு தடவை அடிச்சிருக்கீங்க, டீச்சர் விரலை மடக்கி எண்ணிக்கிட்டு இருக்காங்க" என்றார்.

அடுத்த திங்கள் இப்பகுதி வெளிவருமா என்று இப்போது உறுதி கூற இயலவில்லை. மேல்காற்று பலமாக வீசுகிறது. மணி ஆறு இருபத்தைந்து. மாத்திரை கொடுத்தாயிற்று, இடப்பக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்தாயிற்று. சகோதரி வந்துவிட்டார். பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் காற்று அடிக்கவேண்டும்.